பிழையின் விலை: கார்ப் பந்தயக் காணொளி விளையாட்டுகளின் வரலாற்றில் நடப்பியலும் ஆட்டச்சுவையும்

ஆய்வுச் சுருக்கம்

கார்ப் பந்தயக் காணொளி விளையாட்டுகளை ‘ஆர்கேட்’ வகை, ‘சிமுலேஷன்’ வகை என இரண்டாகப் பிரித்து, முன்னதை ஆட்டச்சுவைக்கும் பின்னதை நடப்பியலுக்கும் உரியதாகக் கொள்வது வழக்கம். 1974 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் வெளிவந்த முதன்மையான சில விளையாட்டுகளின் விதிகளையும் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் வரலாற்று முறையில் ஒப்பிடும் இக்கட்டுரை, இப்பகுப்பு போதாது எனக் காண்கிறது. எல்லாப் பந்தய விளையாட்டுகளும் உலகிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொண்டு சிலவற்றை விட்டுவிடுகின்றன. ஆடுபவர் செய்யும் பிழைக்கு என்ன விலை கேட்கின்றன என்பதிலேயே அவை தம்முள் வேறுபடுகின்றன. அவ்விலை நேரம், நாணயம், போட்டி, நற்பெயர் எனக் காலந்தோறும் மாறிவந்த வரலாற்றைக் கட்டுரை எடுத்துரைக்கிறது. தொல்காப்பியம் சுட்டும் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் கருத்தாக்கங்கள் இதற்குத் துணையாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, கார்ப் பந்தயம், நடப்பியல், ஆட்டச்சுவை, நாடக வழக்கு, உலகியல் வழக்கு, நியூர்பர்க்ரிங்

முன்னுரை

காணொளி விளையாட்டுகளுள் பந்தய விளையாட்டுகளுக்குத் தனித்த ஓர் இடம் உண்டு. வாளேந்தி அரக்கரை வெல்வதையும் விண்கலம் செலுத்துவதையும் ஆடுபவர் தம் வாழ்வோடு ஒப்பிட்டுப் பார்க்க இயலாது. கார் ஓட்டுதலோ பலர் அறிந்த செயல். பந்தயம் தொலைக்காட்சியில் காணக்கூடிய நிகழ்ச்சி. ஆகவே ‘இது உண்மையைப் போல இருக்கிறதா?’ என்னும் வினா இவ்வகை விளையாட்டுகளைத் தொடக்கம் முதலே பின்தொடர்ந்து வந்துள்ளது. அதனோடு ‘உண்மையைப் போல இருந்தால் ஆடுவதற்குச் சுவையாக இருக்குமா?’ என்னும் வினாவும் சேர்ந்துகொண்டது.

இவ்விரு வினாக்களையும் ஒரே கோட்டின் இரு முனைகளாகக் கருதும் போக்கு பரவலாக உள்ளது. ஒரு முனையில் வாழைப்பழத் தோலை வீசிப் பிறரை வழுக்கச் செய்யும் விளையாட்டு. மறுமுனையில் டயரின் வெப்பநிலையைக் கணக்கிடும் விளையாட்டு. நடப்பியல் கூடினால் சுவை குறையும், சுவை கூடினால் நடப்பியல் குறையும் என்பது இக்கோட்டின் உட்கிடை. இது உண்மையாயின் நடப்பியலை நாடி ஆடுவோர் சுவையைத் துறந்து ஆடுகின்றனர் என்றாகும். பல மணிநேரம் ஒரே தடத்தில் ஓடி ஒரு நொடியின் சிறு கூற்றைக் குறைக்க முயலும் ஆட்டக்காரரின் ஈடுபாட்டை இக்கோடு விளக்கவில்லை.

எனவே இக்கட்டுரை வேறோர் அளவுகோலை முன்வைக்கிறது. வளைவில் பிரேக்கைத் தாமதமாக மிதிக்கும் ஆட்டக்காரருக்கு அடுத்து என்ன நேர்கிறது? அவர் எதை இழக்கிறார்? இழந்ததை எவ்வளவு விரைவில் மீட்கிறார்? இதனையே இக்கட்டுரை ‘பிழையின் விலை’ என்று குறிக்கிறது. விளையாட்டுகளின் விதிகள், கருவிகள், பொதுவெளியில் அறியப்பட்ட உருவாக்க வரலாறு ஆகியன ஆய்வுக்கு ஆதாரங்கள். இவ்வகையின் முழு வரலாற்றையும் தருவது நோக்கமன்று. விலை மாறிய திருப்பங்கள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

1. கருத்துச் சட்டகம்

பாடலுக்குரிய புலனெறி வழக்கம் நாடக வழக்கும் உலகியல் வழக்கும் சேர்ந்து அமைவது எனத் தொல்காப்பிய அகத்திணையியல் கூறுகிறது. உலகியல் வழக்கு உலகத்தாரின் ஒழுகலாற்றோடு பொருந்தி வருவது. நாடக வழக்கோ, இளம்பூரணரின் விளக்கப்படி, சுவைபட வருவனவற்றை எல்லாம் ஓரிடத்தில் நிகழ்ந்தனவாகத் தொகுத்துக் கூறுவது. எல்லா வகையிலும் ஒத்த இருவர் தமரின் நீங்கித் தனியிடத்தில் எதிர்ப்படுவதாகப் பாடுவது அத்தகைய தொகுப்பு. அதில் வரும் நிலமும் பொழுதும் உலகியலைச் சார்ந்தவை. அவை ஒருங்கு அமைந்த விதம் நாடக வழக்கைச் சார்ந்தது.

இக்கருத்து அகப்பாடலுக்காக வகுக்கப்பட்டது. அதனை இயந்திர விளையாட்டுக்கு அப்படியே பொருத்துதல் இயலாது. ஆயினும் அதிலிருந்து ஒரு தெளிவைப் பெறலாம். இரு வழக்குகளும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. எதை உலகிலிருந்து எடுப்பது, எதைச் சுவைக்காகத் தொகுப்பது என்பதே படைப்போனின் தெரிவு.

விளையாட்டுக் கோட்பாட்டிலும் இதற்கு இணையான பார்வை உண்டு. பிரெஞ்சு அறிஞர் ரோஜே கய்வா 1958இல் வெளியிட்ட நூலில் விளையாட்டுகளைப் போட்டி, வாய்ப்பு, பாவனை, கிறுகிறுப்பு என நான்காக வகுத்தார். இவை ஒன்றோடொன்று கூடி வரக்கூடும் என்றும் அவர் கருதினார். பந்தய விளையாட்டு இந்நான்கையும் வெவ்வேறு அளவில் கலந்து தரும் வகையாகும்.

2. கருவியும் காட்சியும்: 1974–1976

அட்டாரி நிறுவனம் 1974இல் வெளியிட்ட ‘கிரான் டிராக் 10’ நாணயம் இட்டு ஆடும் பொறியாகும். அதன் திரையில் தடம் முழுவதும் மேலிருந்து பார்ப்பதுபோலத் தெரியும். கார் ஒரு சிறு புள்ளிக்கூட்டம். காட்சியில் நடப்பியல் என்று சொல்ல ஏதுமில்லை. ஆனால் ஆடுபவரின் கையிலும் காலிலும் ஸ்டீயரிங், கியர், ஆக்சிலரேட்டர், பிரேக் ஆகிய நான்கும் இருந்தன. ஆக, பந்தய விளையாட்டின் முதற்கட்ட நடப்பியல் திரையில் இல்லை. உடல் தொடும் கருவியில் இருந்தது. பிழைக்கு அது கேட்ட விலை நேரம். குறித்த நேரத்திற்குள் எவ்வளவு தொலைவு ஓடினோம் என்பதே புள்ளியாதலால், தடத்தின் விளிம்பில் மோதியவர் சில நொடிகளை இழந்தார்.

இதே காலத்தில் ஜெர்மானியப் பொறியாளர் ரைனர் ஃபொர்ஸ்ட், ‘நியூர்பர்க்ரிங் 1’ என்னும் பொறியை உருவாக்கினார். இதில் ஓட்டுநரின் கண்ணிலிருந்து சாலை தெரிந்தது. இருளில் இருபுறமும் வெண்ணிறக் கம்பங்கள் எதிர்வந்து விலகிச் செல்லும், அவ்வளவே காட்சி. அட்டாரி 1976இல் வெளியிட்ட ‘நைட் டிரைவர்’ இக்காட்சி முறையைப் பின்பற்றியது. ஒரு ஜெர்மானிய விளையாட்டுப் பொறியின் படத்தைத் தமக்குக் காட்டியதாக அதன் நிரலாளர் டேவ் ஷெப்பர்டு பின்னாளில் கூறியுள்ளார். நைட் டிரைவரில் ஆடுபவரின் கார்கூடக் கணினி வரைந்ததன்று. திரையின்மேல் ஒட்டப்பட்ட படம் அது.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அன்றைய மின்சுற்றால் மரங்களையும் வீடுகளையும் வரைய இயலாது. அதனால் இரவு தேர்ந்தெடுக்கப்பட்டது. வரைய இயலாத அனைத்தையும் இருள் மறைத்தது. மறைத்தபோதும் இரவுப் பயணம் என்னும் உலகியல் பொருத்தம் குறையவில்லை. விடுபட்டதற்கு நியாயம் தரும் சூழலைப் படைப்பது இவ்வகையில் பின்னரும் தொடர்ந்த உத்தி.

ஃபொர்ஸ்ட் பிற்காலத்தில் ஓட்டுநர் பயிற்சிக்கான சிமுலேட்டர்களை உருவாக்கும் தொழிலில் ஈடுபட்டார். விளையாட்டுப் பொறிக்கும் பயிற்சிப் பொறிக்கும் இடையிலான தொலைவு தொடக்கத்திலேயே மிகக் குறைவு என்பதற்கு இது சான்று. அவர் பொறிக்குப் பெயர் தந்த தடமும் நினைவுகூரத்தக்கது. மேற்கு ஜெர்மனியின் ஐஃபெல் மலைப்பகுதியில் இருபது கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட நியூர்பர்க்ரிங் வடதடத்தில், 1976 ஆகஸ்ட் 1 அன்று நிக்கி லாவ்டா தீ விபத்தில் படுகாயமுற்றார். அதன்பின் ஃபார்முலா ஒன் போட்டி அத்தடத்தில் நடைபெறவில்லை. பொறியில் அப்பெயரை ஏற்ற ஆண்டுகளும் உலகில் அத்தடம் கைவிடப்பட்ட ஆண்டும் அருகருகே அமைந்தன.

3. நாணயமும் நேரமும்: 1982–1986

நாம்கோ 1982இல் வெளியிட்ட ‘போல் பொசிஷன்’, ஜப்பானின் ஃபியூஜி பந்தயத்தடத்தை முன்மாதிரியாகக் கொண்டது. உலகில் உள்ள ஒரு தடத்தைக் காட்டியதும், போட்டிக்கு முன் தகுதிச் சுற்று வைத்ததும் அதன் சிறப்பு. பந்தயத்தின் நடைமுறை இங்கு உலகியலாக நுழைந்தது. ஆனால் வேறொரு காரையோ ஓரத்துப் பலகையையோ மோதினால் கார் வெடித்துச் சிதறும். சில நொடிகளில் புதிய கார் தடத்தில் நிற்கும். உலகில் உயிர்போகும் நிகழ்ச்சி இங்குச் சில நொடி இழப்பாயிற்று. ஒரே விளையாட்டில் தகுதிச் சுற்று உலகியல் வழக்கும் வெடித்து மீள்தல் நாடக வழக்கும் ஆயின.

இவ்விலை நிர்ணயத்தில் வணிகத்திற்குப் பங்கு உண்டு. நாணயப் பொறி ஒருவரை நெடுநேரம் வைத்திருந்தால் அடுத்த நாணயம் விழாது. உடனே வெளியேற்றினால் அவர் மீண்டும் வரமாட்டார். ஆகவே பிழை ஆட்டத்தை முடித்துவிடாமல் நேரத்தை அரித்தது. நேரம் தீர்ந்தால் நாணயம் வேண்டும். ஆர்கேட் விளையாட்டின் ‘எளிமை’ எனப்படுவது இப்பொருளியலின் விளைவு. அதனைப் படைப்பாளரின் அலட்சியமாகக் கொள்வது பொருந்தாது.

சேகா நிறுவனத்தின் யூ சுசுகி 1986இல் உருவாக்கிய ‘அவுட் ரன்’ இம்முறையின் முதிர்ந்த வடிவம். அதனைப் பந்தய விளையாட்டு என்று அழைப்பதைவிட ஓட்டும் விளையாட்டு என்று அழைப்பதையே சுசுகி விரும்பினார். நிலக்காட்சிகளைத் திரட்ட அவர் ஐரோப்பாவில் காரில் பயணம் செய்தார். விளையாட்டில் ஆடுபவர் கடற்கரையில் புறப்பட்டு, ஒவ்வொரு பிரிவிலும் இடமோ வலமோ தெரிந்தெடுத்து, பதினைந்து கட்டங்களுள் ஐந்தைக் கடந்து ஐந்து முடிவுகளுள் ஒன்றை அடைவார். புறப்படும் முன் வானொலியில் ஒலிக்க வேண்டிய இசையையும் அவரே தெரிவு செய்வார். சிவப்பு நிற ஃபெராரி டெஸ்டரோசாவை ஒத்த காரில் அருகே ஒருவர் அமர்ந்திருப்பார். கார் கவிழ்ந்தால் இருவரும் சாலையில் விழுந்து உட்கார்ந்திருப்பர். கணத்தில் பயணம் தொடரும்.

கடற்கரையும் பாலையும் மலையும் சில நிமிடத்துள் ஒரே சாலையில் அடுத்தடுத்து வருதல் உலகில் நிகழாதது. இதனைச் சுவைபட வருவனவற்றை ஓரிடத்தில் தொகுத்த நாடக வழக்கு எனலாம். ஆனால் அத்தொகுப்பின் உறுப்புகள் நேரில் கண்டு திரட்டியவை. நீண்ட பயணத்தில் ஒருவர் உணரும் விடுதலையுணர்வு என்னும் அளவில் அவுட் ரன் நடப்பியல் சார்ந்ததே. அது டயரைப் போலச்செய்யவில்லை, பயணத்தைப் போலச்செய்தது.

4. இரண்டும் ஒரே பொறியில்: 1989

நடப்பியலும் ஆட்டச்சுவையும் எதிரெதிர் முனைகள் என்னும் கருத்தை மறுப்பதற்கு மிக வலுவான சான்று, அட்டாரி கேம்ஸ் 1989இல் வெளியிட்ட ‘ஹார்டு டிரைவின்’ ஆகும். பன்முகத் தளங்களால் ஆன முப்பரிமாணக் காட்சி, முடுக்கும் சாவி, கிளட்ச், கைக்கியர், ஆடுபவரின் கையை எதிர்த்து இழுக்கும் ஸ்டீயரிங் ஆகியன அதில் இருந்தன. வாகன இயக்கவியல் வல்லுநர் டக் மில்லிகன் காரின் கணித மாதிரிக்கு ஆலோசனை வழங்கினார். அவரும் அவர் தந்தை வில்லியம் மில்லிகனும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட பந்தயக் கார் இயக்கவியல் நூல் பொறியியல் மாணவர்க்கு இன்றும் அடிப்படை நூலாக உள்ளது.

இத்தகைய அறிவியல் ஒழுங்குடன் உருவான பொறி ஆடுபவரை எங்கே கொண்டு சென்றது? செங்குத்தாக நிற்கும் வளையத்திற்குள்ளும், நடுவே பிளவுபட்ட பாலத்தின் மீதும் கொண்டு சென்றது. எந்த நகரச் சாலையிலும் காணக் கிடைக்காத தடம் அது. போதிய வேகமின்றி வளையத்தில் ஏறினால் கார் விழும். மிகுந்த வேகத்தில் பாலத்தைத் தாண்டினால் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிடும். இயக்கவியல் உண்மையாக இருந்ததால்தான் இவ்வித்தைகள் சுவை தந்தன. கணிதம் போலியாக இருந்திருந்தால் வளையத்தைக் கடப்பது வெறும் காட்சியாகியிருக்கும்.

விபத்திற்குப் பின் நிகழ்வது மேலும் கருதத்தக்கது. பொறி உடனே ஆட்டத்தைத் தொடராமல், விபத்தை வெளியிலிருந்து பார்ப்பதுபோல மீண்டும் காட்டும். பிழைக்கு விலையாக நேரத்தை வாங்கிக்கொண்ட பொறி, அதற்கு ஈடாக ஒரு காட்சியைத் தந்தது. பிழையே சுவையாயிற்று. மோதலையே முதன்மைச் சுவையாக்கி 2001இல் தொடங்கிய ‘பர்னவுட்’ தொடருக்கு முன்னோடியாக இதனைக் கருதலாம்.

5. வீட்டுக் கணினியும் போட்டியின் முடிவும்: 1984–1998

வீட்டுக் கணினியில் அடுத்த நாணயத்திற்குக் காத்திருப்பவர் இல்லை. ஆடுபவர் விளையாட்டை முன்னரே விலைக்கு வாங்கிவிட்டார். ஆகவே நெடிய போட்டிகளும் மெதுவான கற்றலும் கடும் விலையும் இயல்வதாயின. பிரித்தானிய நிரலாளர் ஜெஃப் கிராமண்ட் 1984இல் பிபிசி மைக்ரோ கணினிக்காக உருவாக்கிய ‘ரெவ்ஸ்’ ஃபார்முலா த்ரீ காரை மையமாகக் கொண்டது. அமெரிக்காவில் டேவிட் கேமர், ஓமர் குடாரி இருவரின் பாபிரஸ் நிறுவனம் 1989இல் ‘இண்டியானபொலிஸ் 500: தி சிமுலேஷன்’ விளையாட்டை உருவாக்கியது. 200 சுற்றுகள் கொண்ட முழுப் போட்டியையும் அதில் ஓடலாம். ஆயினும் காரைத் திருப்பி எதிர்த்திசையில் ஓட்டிப் பெரும் மோதல்களை உண்டாக்கி, அவற்றை மீள்காட்சியில் காண்பதும் அவ்விளையாட்டில் பலருக்கு விருப்பமான பொழுதுபோக்காயிற்று. சிமுலேஷன் என்று தன்னை அழைத்துக்கொண்ட விளையாட்டு, உலகில் எவரும் செய்யத் துணியாததைச் செய்து பார்க்கும் களமாகவும் ஆனது.

கிராமண்டின் அடுத்த படைப்பான ‘ஃபார்முலா ஒன் கிராண்ட் பிரி’ 1991–92இல் வெளிவந்தது. பிழையின் விலையைப் பகுத்துக் காட்டிய முதன்மையான விளையாட்டுகளுள் இது ஒன்று. தானே பிரேக் பிடித்தல், தானே கியர் மாற்றுதல், சுழன்ற காரைத் திருப்பி நிறுத்துதல், சேதமுறாமை, சிறந்த ஓடுகோட்டைக் காட்டுதல், உகந்த கியரைப் பரிந்துரைத்தல் என ஆறு உதவிகளை விசைப்பலகையின் ஆறு விசைகளால் சேர்க்கவும் நீக்கவும் முடிந்தது. தகுதிநிலை உயர உயர அனுமதிக்கப்படும் உதவிகள் குறைந்தன. நடப்பியல் ஒரே பொருளாக இராமல் ஆறு கூறுகளாகப் பிரிந்தது. ஆடுபவர் ஒவ்வொன்றையும் தமக்கு இயன்றபோது ஏற்றுக்கொண்டார்.

இப்போக்கின் உச்சம் பாபிரஸ் 1998இல் உருவாக்கிய ‘கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ்’. அது 1967ஆம் ஆண்டுப் போட்டிப் பருவத்தை எடுத்துக்கொண்டது. காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகள் பொருத்தப்படுவதற்கு முந்தைய காலம் அது. குறுகிய டயர், மிகுந்த ஆற்றல், பிடிப்புக் குறைவு ஆகியவற்றால் அக்கார்களை வழுக்கவிட்டே வளைவுகளில் செலுத்த வேண்டும்.

இதன் இயக்கத்தைச் சற்று விளக்குதல் தகும். டயர் நோக்கும் திசைக்கும் அது செல்லும் திசைக்கும் இடையே சிறு கோணம் தோன்றும்போதே பக்கவாட்டுப் பிடிப்பு உண்டாகிறது. கோணம் கூடக் கூடப் பிடிப்பும் கூடி ஓர் உச்சத்தை அடைந்து பின் குறைகிறது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரங்களுக்குப் பெயர்கிறது. அதே டயர் நிறுத்துவதற்கும் திரும்புவதற்கும் தன் பிடிப்பைப் பகிர வேண்டியுள்ளது. 1993இல் வெளிவந்த ‘ரிட்ஜ் ரேசர்’ போன்ற ஆர்கேட் விளையாட்டில் உச்சத்தைக் கடந்த வழுக்கல் வேகத்தை அதிகம் குறைக்காமல் வளைவைக் கடக்கும் உத்தியாகிறது. கிராண்ட் பிரி லெஜண்ட்ஸில் உச்சத்தைக் கடந்தவர் பெரும்பாலும் சுழன்றார். முழுநிலைப் போட்டியில் கடும் மோதல் என்பது அப்போட்டியின் முடிவு. 22 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நியூர்பர்க்ரிங் தடத்தில் எட்டு நிமிடத்திற்கும் மேற்பட்ட ஒரு சுற்றின் இறுதி வளைவில் பிழைத்தவர் அத்தனையையும் இழந்தார்.

தொடக்கத்தில் இவ்விளையாட்டு வணிக வெற்றி பெறவில்லை. அதன் கடினத்திற்கு உண்மைக்கு நெருங்கியிருந்தது மட்டும் காரணமாகாது. உண்மையான ஓட்டுநர் கார் வழுக்கத் தொடங்குவதை முதலில் தம் உடலால் உணர்கிறார். இருக்கையும் உட்செவியும் அவருக்கு அறிவிக்கின்றன. நாற்காலியில் அமர்ந்தவருக்குத் திரையும் ஒலியும் மட்டுமே உண்டு. அவர் கண்ணால் அறியும்போது வழுக்கல் முற்றியிருக்கும். காரின் கணிதம் முழுமையாகவும் உடலுணர்வு வெறுமையாகவும் இருக்கும் விளையாட்டு உலகைவிடக் கடினமானதாகிறது. ஒரு கூற்றில் மட்டும் நடப்பியலைப் பெருக்கினால் மொத்த அனுபவம் நடப்பிலிருந்து விலகக்கூடும் என்பது இதிலிருந்து பெறப்படும் முடிவு. இத்தனைக்கும் பின்னர், இவ்விளையாட்டைப் பல ஆண்டுகள் கைவிடாமல் புதிய தடங்களைத் தாமே சேர்த்துக் காத்த ஆர்வலர் குழுவும் உருவாயிற்று. உயர்ந்த விலை அவர்களுக்குச் சுவையின் ஊற்றாக இருந்தது.

6. பள்ளியும் களமும்: கிரான் டுரிஸ்மோவும் மரியோ கார்ட்டும்

கசுனோரி யமவுச்சி உருவாக்கி 1997 டிசம்பரில் ஜப்பானில் வெளியான ‘கிரான் டுரிஸ்மோ’, ஒரு கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்றது. அவர் அதற்கு முன் 1994இல் ‘மோட்டார் டூன் கிராண்ட் பிரி’ என்னும் கேலிச்சித்திரப் பாணி விளையாட்டை உருவாக்கியவர். கிரான் டுரிஸ்மோ தன்னை உண்மையான ஓட்டுதல் சிமுலேட்டர் என்று அறிவித்துக்கொண்டது. ஆயினும் ஆர்கேட் பிரிவு ஒன்றையும் தனியே வைத்திருந்தது.

அதன் நடப்பியலின் முதற்கூறு பட்டியல். ஏறத்தாழ 140 கார்கள். அவற்றுள் பல தெருவில் அன்றாடம் காணும் கார்கள். ஆடுபவர் சிறு தொகையுடன் தொடங்கிப் பழைய கார் ஒன்றை வாங்கி, வென்ற பணத்தில் அதனை மேம்படுத்துவார். இரண்டாம் கூறு உரிமத் தேர்வுகள். குறித்த எல்லைக்குள் காரை நிறுத்துதல், ஒரு வளைவைக் குறித்த நேரத்தில் கடத்தல் போன்ற சிறு பாடங்கள் அவை. தடத்தை விட்டு விலகினால் தேர்வு தோல்வி. ஆனால் போட்டியில் சுவரில் மோதினாலும் காருக்குச் சேதமில்லை. வளைவில் எதிராளியின் காரின்மேல் சாய்ந்து திரும்புவதுகூட ஆதாயமாயிற்று.

இம்முரணை விலை என்னும் அளவுகோலால் விளக்கலாம். கிரான் டுரிஸ்மோ பள்ளியையும் களத்தையும் பிரித்தது. பள்ளியில் பிழையின் விலை முழுமையானது. ஆனால் பாடம் சிறிது, மறுமுயற்சி இலவசம். களத்தில் விலை மிகக் குறைவு. கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ் நீண்ட போட்டியில் கேட்ட விலையை இது குறுகிய பாடத்தில் கேட்டது. அதன் பரவலான வெற்றிக்கு இப்பிரிப்பு ஒரு முக்கியக் காரணமாகலாம்.

இதற்கு எதிர்நிலையில் நிற்பதாகக் கூறப்படுவது நிண்டெண்டோவின் ‘சூப்பர் மரியோ கார்ட்’ (1992). அதில் பின்தங்கியவருக்கு வலிமை மிக்க பொருள்களும் முன்செல்பவருக்கு எளிய பொருள்களும் கிடைக்கும். 1996இல் வந்த ‘மரியோ கார்ட் 64’இல் முதலிடத்தில் இருப்பவரைத் தேடிச் சென்று தாக்கும் நீல ஓடு சேர்ந்தது. பிழை செய்தவருக்கு ஈடு கொடுப்பதோடு, பிழை செய்யாதவரிடமும் இது விலை வாங்குகிறது. கய்வாவின் சொற்களில், போட்டியின்மேல் வாய்ப்பு ஏறி அமர்கிறது. திறன் வேறுபட்ட அண்ணனும் தங்கையும் ஒரே திரையில் சேர்ந்து ஆட இதுவே வழி செய்தது. ஆகவே இங்கு விலையின் இலக்கணம் காரைப் பற்றியதன்று. உடன் ஆடுவோரின் உறவைப் பற்றியது.

7. தெரிவாகவும் நற்பெயராகவும் விலை: 2005–2009

2005இல் தொடங்கிய ‘ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட்’ தொடர், கிராமண்ட் விசைப்பலகையில் வைத்த தெரிவைப் பொருளியலாக மாற்றியது. உதவிகளை நீக்கினால் பரிசுப்பணம் கூடும். தடத்தின்மேல் வரையப்படும் வண்ணக்கோடு பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் சிவக்கும். 2008இல் வந்த ‘ரேஸ் டிரைவர்: கிரிட்’, விபத்துக்கு முன்னிருந்த கணத்திற்குக் காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் வசதியைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வழங்கியது. அடுத்த ஆண்டு ஃபோர்சாவின் மூன்றாம் பாகமும் இத்தகைய வசதியைச் சேர்த்தது. காட்சியிலும் கணிதத்திலும் நடப்பியல் வளர்ந்த அதே கட்டத்தில், நடப்பிற்கு முற்றிலும் முரணான காலமீட்சி நுழைந்தது குறிப்பிடத்தக்கது. கார் உண்மைக்கு நெருங்க நெருங்க, பிழையின் விலையைத் தணிக்க நாடக வழக்கு தேவைப்பட்டது.

இதே 2008இல் டேவிட் கேமரும் ஜான் ஹென்றியும் நிறுவிய ‘ஐரேசிங்’ சேவை பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது. லேசர் கருவியால் அளக்கப்பட்ட தடங்களில் இணையம்வழி மாந்தரோடு மாந்தர் போட்டியிடும் களம் அது. தடத்தை விட்டு விலகினால் ஒரு புள்ளி, கட்டுப்பாடு இழந்தால் இரண்டு, பிற காருடன் கடுமையாக மோதினால் நான்கு என நிகழ்வுப் புள்ளிகள் கணக்கிடப்படும். மோதலில் தவறு யாருடையது என்று ஆராயாமல் இருவர்மேலும் புள்ளி ஏறும். புள்ளிகள் பெருகினால் பாதுகாப்பு மதிப்பீடு குறையும். மதிப்பீடு குறைந்தால் உரிமத்தின் தரம் இறங்கும். விலை இங்கு நற்பெயராயிற்று. போட்டி முடிந்த பின்னும் அது தொடர்கிறது. திருப்பிப் பெற நாள்கள் ஆகலாம். தவறற்றவரும் விலை கொடுக்க நேரும் என்பதில் ஐரேசிங்கும் மரியோ கார்ட்டும் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. முன்னது அதனை ஒழுக்கமாக்கியது, பின்னது நகைச்சுவையாக்கியது.

8. மீட்க இயலாத விலை

நிசான், சோனி நிறுவனங்கள் 2008இல் தொடங்கிய ‘ஜிடி அகாடமி’, கிரான் டுரிஸ்மோவில் சிறந்தோரைத் தேர்ந்து உண்மையான பந்தய ஓட்டுநராக்க முயன்றது. முதல் வெற்றியாளரான ஸ்பெயினின் லூகாஸ் ஓர்டோனியெஸ், 2011ஆம் ஆண்டு லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் தம் வகுப்பில் இரண்டாமிடம் பெற்ற அணியில் ஓட்டினார். 2011இல் அகாடமியில் வென்ற பிரித்தானியரான யான் மார்டன்பரோ, 2013இல் அதே பந்தயத்தில் தம் வகுப்பில் மூன்றாமிடம் பெற்ற அணியில் இருந்தார். ஓடுகோடு, பிரேக் புள்ளி, பொறுமை ஆகியவை திரையிலிருந்து தடத்திற்குப் பெயரக்கூடியவை என்பதற்கு இவர்களின் வாழ்வு சான்றாயிற்று.

2015 மார்ச் மாதம் நியூர்பர்க்ரிங் வடதடத்தில் நடந்த பந்தயத்தில், மார்டன்பரோ ஓட்டிய கார் ஓர் ஏற்றத்தின் உச்சியில் காற்றால் மேலெழுந்து தடுப்பு வேலியைத் தாண்டி விழுந்தது. பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். அதன்பின் அத்தடத்தின் சில பகுதிகளில் வேகக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. இவ்விபத்தை எவருடைய பிழை என்றும் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. விலை யார்மீது விழுந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது. அது வேலிக்கு அப்பால் நின்ற, போட்டியில் பங்கே இல்லாத ஒருவர்மீது விழுந்தது.

நியூர்பர்க்ரிங் என்னும் பெயர் 1970களின் நடுவில் வெண்கம்பங்களாகவும், 1998இல் முழுத் தடமாகவும், 2004இல் ‘கிரான் டுரிஸ்மோ 4’இன் வழி வரவேற்பறையிலும் ஆடுபவரை அடைந்தது. மரங்களும் மேடுபள்ளங்களும் ஒவ்வொரு முறையும் உலகிற்கு மேலும் நெருங்கின. பார்வையாளர் மட்டும் எல்லாப் பதிப்பிலும் படமாகவே நின்றனர்.

மார்டன்பரோவின் வாழ்வைத் தழுவி 2023இல் வெளிவந்த ‘கிரான் டுரிஸ்மோ’ திரைப்படம் இவ்விபத்தை லெ மான் வெற்றிக்கு முன் நிகழ்ந்ததாக அமைத்தது. உலகில் அது அவ்வெற்றிக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பின்னர் நிகழ்ந்தது. வரிசையை மாற்றியதால் விபத்து நாயகன் கடந்து வெல்ல வேண்டிய தடையாகிறது. நாடக வழக்கு புனைவுக்கு உரிய உரிமையே. ஆயினும் கற்பனைத் தலைவனையும் தலைவியையும் ஓரிடத்தில் எதிர்ப்படச் செய்வதற்கும், உண்மையில் இறந்த ஒருவரின் மரணத்தைச் சுவைக்கேற்ற இடத்தில் வைப்பதற்கும் இடையே அறவியல் வேறுபாடு உண்டு. காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் உரிமை விளையாட்டுக்குள் ஒரு வசதி. வெளியே அது கேள்விக்குரியதாகிறது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

நடப்பியல் என்பது காலந்தோறும் வெவ்வேறு பொருளைக் குறித்தது. 1974இல் அது கருவி. 1982இல் பந்தய நடைமுறை. 1986இல் பயண உணர்வு. 1998இல் டயரின் இயக்கம். 1997இல் கார்ப் பட்டியலும் பயிற்சியும். 2008இல் தடத்தின் அளவும் சமூக ஒழுக்கமும்.

ஒவ்வொரு விளையாட்டும் உலகியல் வழக்கையும் நாடக வழக்கையும் தனக்கே உரிய விகிதத்தில் சேர்த்தது. இரண்டுள் ஒன்று மட்டும் கொண்ட விளையாட்டு இவ்வாய்வில் காணப்படவில்லை.

ஆட்டச்சுவை நடப்பியலின் குறைவால் பிறப்பதன்று. பிழையின் விலை ஆடுபவரின் திறனுக்கும் நேரத்திற்கும் உறவுக்கும் பொருந்தும்போது சுவை பிறக்கிறது. நாணயப் பொறி, வீட்டுக் கணினி, இணையக் களம் ஆகியவற்றின் பொருளியல் இவ்விலையைத் தீர்மானிப்பதில் பங்கு கொண்டது.

எந்தப் பந்தய விளையாட்டும் உடலை விலையாகக் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. அதனைக் குறையாகக் கொள்ளத் தேவையில்லை. ஆடுகளம் என ஒன்று இருப்பதற்கு அதுவே அடிப்படை. சிமுலேட்டரின் நடப்பியலை மதிப்பிடும் ஆய்வுகள், அது எவற்றைப் போலச்செய்கிறது என்பதோடு, எவற்றைப் போலச்செய்ய மறுக்கிறது என்பதையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். வான்பயணம், போர் ஆகியவற்றை மையமாகக் கொண்ட காணொளி விளையாட்டுகளிலும் பிழையின் விலை யார்மீது விழுகிறது என்பதை இவ்வளவுகோலால் மேலும் ஆராய இடமுண்டு.